பிளஸ் டூ என்று சொல்லிக்கொண்ட முனைவர்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. எங்கள் கல்லூரி வேன் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே நானும், கணினித் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியும், கட்டுக் கட்டாக விளம்பரத் தாள்களும். பிளஸ் டூ முடிவு வந்த வாரம் அது. தனியார் கல்லூரிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த வாரத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கோடை விடுமுறையில் நாங்கள் பேராசிரியர்கள் அல்ல, ஆள் பிடிக்கிறவர்கள். ஊர் ஊராகப் போய் வாசலில் நின்று, உங்கள் பிள்ளையை எங்களிடம் சேருங்கள் என்று கெஞ்ச வேண்டும். போதுமான தலைகளைக் கொண்டுவந்தால்தான் ஜூன் மாதம் நமக்கு நாற்காலி இருக்கும். கேட் திறப்பதற்குள் கலைவாணியிடமிருந்து போன் வந்தது.

“மிஸ், நம்ம சார் போயிட்டாரு மிஸ்.”

எந்த சார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பழைய மாணவி கலைவாணிக்கு சார் என்றால் ஒருவர்தான். இயற்பியல் துறையில் இருந்த சகாயராஜ் சார். காலையில், தான் இப்போது வேலை பார்க்கும் ஜவுளிக்கடையைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்தும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. மனிதருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது ஒரு கேள்வி. அவருடைய மகள் ரோஸ்லின் இந்த ஆண்டுதான் பிளஸ் டூ எழுதினாள். அப்பாவைப் போல இயற்பியல் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்ன மனிதர், தன் பிள்ளைக்கு மட்டும் ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மாதக்கணக்கில் நாள் கடத்திக்கொண்டிருந்தார். முடிவு வரட்டும், பார்க்கலாம் என்றார். முடிவும் வந்துவிட்டது. பாவி மனுஷன், பதில் சொல்லிவிட்டுப் போனாரா, சொல்லாமலே போனாரா?

நான் வேனை விட்டு இறங்கினேன். டிரைவர், “மேடம், கொரடாச்சேரி பக்கம் மூணு ஊரு பாக்கி இருக்கு. ஆபீஸ்ல கேப்பாங்க” என்றார். “கேட்டா, செத்த வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுய்யா” என்று கத்தினேன். பக்கத்தில் பைக்கில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று தஞ்சாவூர் பஸ் ஏறினேன்.

அவரிடம் படித்தவர்களும் கூட வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு வகுப்பறை சகாயராஜைத் தெரியும். எனக்கு வேன் சகாயராஜைத்தான் அதிகம் தெரியும். நிர்வாகம் எங்களை ஜோடி ஜோடியாக அனுப்பும். ஆண் ஒருவர் போனால் பெண் பிள்ளை உள்ள வீட்டில் வாசலோடு நிறுத்திவிடுவார்கள் என்று துணைக்கு ஒரு பெண். அப்படித் தமிழ்த்துறையிலிருந்து நானும் இயற்பியலிலிருந்து அவரும் பல கோடைகள் ஒரே வேனில் புழுதி தின்றோம். நான் வாயாடி. அவர் எனக்கு நேர் எதிர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பார். பிறகு, “மூத்த பிள்ளை என்ன படிச்சது, இப்ப எங்க இருக்கு?” என்று கேட்பார். அந்தக் கேள்வியோடு எங்கள் வியாபாரம் படுத்துவிடும். வெளியே வந்ததும் நான் சண்டை பிடிப்பேன். “மூத்தவனைப் பத்தி உங்களுக்கு எதுக்கு சார்? இளையவனைச் சேக்கத்தானே வந்தோம்?” அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “மூத்தவனை எங்க வெச்சிருக்காங்களோ, இளையவனும் அங்கதானே மேடம் போய் நிக்கப் போறான்” என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு மே மாதம் திருவாரூர் போகும் வழியில் ஒரு கிராமம். மேட்டூர் திறக்காததால் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நூறு நாள் வேலையில் அந்த வாய்க்காலைத்தான் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் மொத்தமாகக் கிடைக்கும் இடம் அது என்பதால் வீடு வீடாக அலையாமல் நேராக அங்கேயே போய்விடுவது எங்கள் தொழில் நுணுக்கம். ஒரு அம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “படிச்சா வேல கெடைக்குமா சார்?” என்று கேட்டார். நிச்சயம் கிடைக்கும், எல்லாருக்கும் வேலை என்று தாளிலேயே அச்சடித்திருக்கிறோம். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“பெரியவன் என்னம்மா படிச்சான்?”

“இன்ஜினியரு சார்.”

“இப்ப?”

“அறுவடை மிசினோட போயிருக்கான். சீசன் இல்லாதப்ப வீட்லதான்.”

“அப்ப சின்னதுக்கும் நான் உறுதி சொல்ல முடியாதும்மா. பட்டம் குடுப்போம். வேலை எங்க கையில இல்ல. பிளஸ் டூ போதும்னு வெக்கிற அரசாங்கப் பரிட்சை இருக்கு. அதுக்கு இப்பவே படிக்கச் சொல்லுங்க.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்போது அந்த அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்து நின்ற மகள் பேசினாள். “சார், பரிட்சைக்குப் படிக்கிறேன்னு வீட்ல உக்காந்தா ஆறு மாசத்துல மாப்பிள்ள பாத்துருவாங்க. காலேஜுக்குப் போறேன்னா மூணு வருசத்துக்கு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

சகாயராஜ் சார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அதுக்குன்னா சேந்துரும்மா” என்றார். அவள், “நீங்க என்ன பாடம் நடத்துறீங்க?” என்று கேட்டாள். இயற்பியல் என்றார். “அப்ப நானும் அதுவே படிக்கிறேன்” என்றாள். அவள்தான் கலைவாணி. எத்தனையோ கோடைகளில் அவர் கொண்டுவந்து சேர்த்த ஒரே பிள்ளை. வேனில் வரும்போது, “நம்ம தாள்ல ஆயிரம் எழுதியிருக்கோம் மேடம். நெசமான பயன் ஒண்ணுதான் இருக்கு, அதை அந்தப் பொண்ணு சொல்லிருச்சு” என்றார். நான் அன்றைக்கு அவரோடு பேசவில்லை. என் பங்குக்கு வர வேண்டிய நாலு பிள்ளைகள் போய்விட்ட கோபம் எனக்கு.

அவர் அப்படிப் பேசியதற்குக் காரணம் உண்டு. அம்மாபேட்டைக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஊர் அவருடையது. அப்பா பண்ணையாளாக வாழ்ந்தவர். அந்தத் தெருவிலேயே முதல் பட்டதாரி இவர். முதுகலை முடித்த கையோடு கருவூலத்தில் இளநிலை உதவியாளராக அரசாங்க வேலை வந்தது. பரீட்சை எழுதி, தேர்ச்சி பெற்று, கையில் வந்த வேலை. அப்போது அவர் எம்.ஃபில். சேர்ந்திருந்தார். அப்பா, “குமாஸ்தாவாப் போறதுக்கா இம்புட்டு படிச்ச? புரொபசராத்தான் வரணும்” என்று ஒரே பிடி. பங்குச் சாமியாரும் அதையே சொன்னார். வழிகாட்டிப் பேராசிரியர், நீ போய்விட்டால் ஆராய்ச்சியை யார் செய்வது என்றார். தெருவே கூடி அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லவைத்தது. முதன்முதலாகப் படித்த பிள்ளை மேலும் மேலும் படிப்பதுதான் குடும்பத்துக்குப் பெருமை, நடுவில் வேலைக்குப் போவது பாதியில் இறங்குவது என்று நினைத்த வெள்ளந்தி மனிதர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டிலும் அதே கதைதான். அரசுக் கல்லூரி வேலைக்கு அறிவிப்பு வரும், வழக்கு வரும், நிற்கும். பி.எட். சேர்த்துப் படித்தார். முனைவர் பட்டம் வாங்கினார். ஒவ்வொரு பட்டம் வாங்கும்போதும் போகக்கூடிய வேலைகள் குறைந்துகொண்டே வந்தன. “அந்த ஆபீஸ்ல எனக்குப் பின்னாடி லிஸ்ட்ல இருந்தவன் இப்ப அதிகாரி மேடம். அவன் ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போடறான், நான் இன்னும் அப்ளிகேஷன்ல கையெழுத்துப் போடறேன்” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

கலைவாணி மூன்றாம் ஆண்டு வந்தபோது வகுப்பில் அவள் மட்டும்தான் மிச்சம். கூடச் சேர்ந்தவர்களில் சிலர் நர்சிங் போனார்கள், இரண்டு பேருக்குக் கல்யாணம். கீழ் வகுப்புகளில் இயற்பியலுக்கு ஆளே வரவில்லை. ஒருநாள் இயற்பியல் துறை வராந்தாவில் போனபோது உள்ளே குரல் கேட்டது. “கலைவாணி.” “பிரசன்ட் சார்.” எட்டிப் பார்த்தேன். வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, கரும்பலகையில் மேலே தேதி எழுதி, முழு நேரமும் நின்றபடி பாடம் நடத்தினார். சாயங்காலம் கிண்டல் செய்தேன். “நிமிந்து பாத்தாலே தெரியுமே சார், பேரு வேற கூப்பிடணுமா?” அவர் சிரிக்கவில்லை. “அது ஒருத்தியா இருக்கறது அதோட குத்தம் இல்லியே மேடம்” என்றார். அந்த வருடத்தோடு துறையை மூடிவிட்டார்கள். பிள்ளைகளைக் கொண்டுவாருங்கள், துறை இருக்கும் என்று நிர்வாகம் முன்னமே சொல்லியிருந்தது. அவரால் கொண்டுவர முடியவில்லை. பிரிவுபசாரம்கூட நடத்தவில்லை. வெளிச்சத்தை ஏழு நிறமாகப் பிரித்துக் காட்ட மேஜையில் வைத்திருந்த கண்ணாடிப் பட்டகம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அது அவர் சொந்தமாக வாங்கியது.

பிறகு அவர் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. “இவ்ளோ படிச்சவருக்கு நாங்க என்ன சம்பளம் குடுக்க முடியும்?” என்று மரியாதையாகவே அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இடத்தில், தலைமையாசிரியரைவிட இவர் அதிகம் படித்திருப்பதால் சரிப்பட்டு வராது என்றார்களாம். சில வருடங்கள் அவரிடமிருந்து தகவலே இல்லை.

தீபாவளிக்குப் புடவை எடுக்கத் தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன். மேல்மாடியில் பட்டுப் பிரிவு. சீருடைச் சட்டை போட்டுக்கொண்டு, மடித்த புடவைகளைக் கை நிறைய ஏந்திக்கொண்டு ஒருவர் வந்தார். “சா...” என்று ஆரம்பித்தேன். கண்ணாலேயே வேண்டாம் என்றார். “வாங்க மேடம், என்ன ரகம் பாக்குறீங்க?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, ஒரு மாம்பழ நிறப் புடவையை எடுத்துக்கொண்டு, “கடை லைட்டுல கலர் தெரியாதும்மா, வெளிச்சத்துல பாப்போம், வாங்க” என்று ஜன்னல் ஓரமாக அழைத்துப் போனார். அங்கே மெதுவாகச் சொன்னார். கலைவாணி எம்.எஸ்சி. முடித்துவிட்டு எங்கும் எதுவும் கிடைக்காமல் ஒரு வருடம் முன்பே இந்தக் கடையில் சுடிதார் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். அவள்தான் மேனேஜரிடம் சொல்லி இவரைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். தெரிந்த அண்ணன், பிளஸ் டூ படித்தவர் என்று சொல்லி. “பிஎச்.டின்னு சொன்னா எடுக்க மாட்டாங்க மேடம். கலைவாணிதான் யோசனை சொன்னா. அவ எனக்கு இங்க சீனியர். எல்லார் முன்னாடியும் அண்ணேன்னு கூப்பிடுவா. ஸ்டாக் ரூம்ல வந்து சாரி சார்ம்பா.”

“ஏன் சார் இப்படி?” என்றேன். அவர் அந்தப் புடவையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். “இது போகட்டும் மேடம். ரோஸ்லின் பிளஸ் டூ. பிசிக்ஸ்தான் வேணுங்கறா. நல்லாவும் படிக்கிறா, அதான் பயமா இருக்கு. ஊர்ல இருக்கற பிள்ளைகளுக்கெல்லாம் நெசத்தைச் சொன்னேன். அவ கேக்குறப்ப மட்டும் வாய் வர மாட்டேங்குது. வேணாம்னு சொன்னா, நான் படிச்சதெல்லாம் வீண்னு அவகிட்ட நானே ஒத்துக்கிட்ட மாதிரி. படின்னு சொன்னா...” மேனேஜர் மேலே வந்தார். சார் பேச்சை மாற்றி, “இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இருக்கும்மா” என்று முடித்துவிட்டார். அந்தப் புடவையை எடுத்துக்கொண்டேன். இன்றுவரை கட்டவில்லை.

அவருடைய ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெரு முனையில் ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். முனைவர் சகாயராஜ், எம்.எஸ்சி., எம்.ஃபில்., பி.எட்., பிஎச்.டி. பட்டங்கள் எல்லாம் படத்துக்குக் கீழே ஒரு முழு வரிசை. அவர் மனைவி ஸ்டெல்லா எழுதிக் கொடுத்து அடிக்கச் சொன்னதாம். “இருந்தப்பத்தான் மறைச்சு வெச்சாரு மேடம். போறப்பவாவது பட்டத்தோட போகட்டும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கடையிலிருந்து மேனேஜரும் சில ஊழியர்களும் மாலையோடு வந்தார்கள். மேனேஜர் அந்த ஃபிளெக்ஸின் முன்னால் நின்றுவிட்டார். வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“அம்மா, இது நம்ம சகாயம்தானே?”

“அவரேதான்.”

“எங்ககிட்ட பிளஸ் டூன்னுல்ல சொன்னாரு?”

“நெசத்தைச் சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா?”

அவர் மழுப்பவில்லை. “எப்படிம்மா எடுக்கறது? இவ்ளோ படிச்சவரைக் கூப்பிட்டு புடவையை மடிச்சு வைங்கன்னு எந்த வாயால சொல்றது?” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கலைவாணி பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். கடைக்காரர்கள் முன்னால் அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு சார், சார் என்று சொல்லி அழுதாள். மாதா கோயில் மணி அடித்தது. பெட்டியை எடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு எல்லாரும் வீடு திரும்பினோம்.

நான் கிளம்பும்போது ஸ்டெல்லா என்னை உள்ளே அழைத்தார். ரோஸ்லின் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். “கடையிலேருந்து வந்தவங்க இவளை அப்பா எடத்துல சேத்துக்கறோம்னு சொல்லிட்டுப் போறாங்க மேடம். இவளும் சரின்னு சொல்லிட்டா. இவ்ளோ மார்க் வாங்கிட்டு, இவ கடைக்கா போகணும்? நீங்க ஊரு ஊரா போயி பிள்ளைங்களைச் சேக்குறவங்க. நீங்க சொன்னா கேப்பா. சொல்லுங்க” என்றார்.

அப்பா உனக்குப் பதில் சொன்னாரா என்று அவளிடம் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். “ரிசல்ட் வந்த அன்னிக்கு கேக் வாங்கிட்டு வந்தாரு ஆன்ட்டி. மார்க்கைப் பாத்தாரு. தலையைத் தடவுனாரு. நாளைக்குப் பேசலாம்னாரு. அதுக்கப்புறம் தினமும் நாளைக்குன்னாரு.”

நான் பேசத் தொடங்கினேன். பழக்கதோஷம், வார்த்தைகள் தானாக வந்தன. பக்கத்திலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது, செலவில்லை, நானே அலைந்து சேர்த்துவிடுகிறேன், நீ கெட்டிக்காரி, உனக்கு எதிர்காலம் இருக்கிறது, பெண் பிள்ளைக்குப் படிப்புதான் துணை என்று எத்தனையோ வாசல்களில் சொன்னதெல்லாம் சொன்னேன். ஒன்று மட்டும் வித்தியாசம். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு யாரும் இலக்கு வைக்கவில்லை. அவள் படிக்க வேண்டும் என்று நெஞ்சாரத்தான் கேட்டேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்பாவைப் போலவே பொறுமை.

முடித்ததும் சொன்னாள்: “திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க ஆன்ட்டி. கலைவாணி அக்கா பிரிவுலயே போடறாங்களாம். பிளஸ் டூ சர்ட்டிபிகேட் ஒண்ணு போதும்னாங்க. அப்பாதான் எல்லாத்தையும் மறைச்சு வெச்சு பயந்துக்கிட்டே வேலை பாத்தாரு. எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல. நான் நெசமாவே பிளஸ் டூதான்.”

ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தார். எழுந்து அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

சகாயராஜ் சாரை நினைத்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் ஆசை. அவரிடம் நல்லவை எவ்வளவோ இருந்தன. என்னிடம் தங்கியிருப்பது அவர் மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியம். அதற்கு மறுபேச்சு தேடிக்கொண்டே இருக்கிறேன். படித்தவர்களே, அவரிடம் பாடம் கேட்டவர்களே, உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அடக்கம் முடிந்த மறுநாள் காலை வேன் வந்து என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது. தாள்களை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.